ஆமை புகுந்த வீடு

நேற்று மாலை மேல்வீட்டுப் பையன் ஒரு சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினான். பளபளவென்று லேமினேஷன் செய்தது. நான்கு மூலையிலும் நாய், பூனை, கிளி, முயல். நடுவில் தங்க எழுத்தில் 'சிறந்த செல்லப்பிராணிப் பராமரிப்பாளர்'. கோடை விடுமுறை முழுவதும் தன் ஆமையைத் தானே கவனித்துக்கொண்டு, நாள்தோறும் குறிப்பெழுதிப் படமும் ஒட்டியதைப் பாராட்டிப் பள்ளியில் கொடுத்தார்களாம். 'முழுவதும்', 'தானே' ஆகிய இரண்டு இடங்களிலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். அப்படியேதான் இருந்தது.

அந்த விடுமுறை முழுவதும் ஆமை இருந்தது என் வீட்டுப் பால்கனியில். பையன் இருந்தது கொடைக்கானலில். அப்புறம் பாட்டி ஊரான கும்பகோணத்தில். அப்புறம் ஏதோ நீச்சல் முகாமில்.

"வெரிகுட்ரா" என்றேன். வேறென்ன சொல்ல? ஒரு லட்டு கொடுத்தான். எனக்குச் சர்க்கரை உண்டு. இருந்தாலும் தின்றேன். சம்பளம் என்று அது ஒன்றுதான் வந்திருக்கிறது.

உங்கள் குடியிருப்பிலும் இது உண்டு என்று எனக்குத் தெரியும். பிள்ளைக்குப் பொறுப்பு வர வேண்டும் என்று ஒரு வாயில்லா ஜீவனை வாங்கி வருவீர்கள். பொறுப்பு வரும். பிள்ளைக்கு வராது, வீட்டில் யார் சும்மா இருக்கிறாரோ அவருக்கு வரும். எங்கள் பிளாக்கில், சும்மா இருப்பதாக அரசாங்கமே ஓய்வூதிய ஆணை கொடுத்து உறுதிசெய்திருப்பது என் ஒருவனைத்தான்.

ஏப்ரல் கடைசியில் பையனின் அம்மா வந்து, "அங்கிள், ஒரு சின்ன ஹெல்ப்" என்று ஆரம்பித்தாள். அவள் பின்னால் கணவர் ஒரு கண்ணாடித் தொட்டியை மூச்சு வாங்கச் சுமந்துகொண்டு நின்றிருந்தார். ஹெல்ப் எவ்வளவு சின்னது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. "இவனுக்கு ஒரு ரெஸ்பான்சிபிலிட்டி வரணும்னுதான் அங்கிள் வாங்கிக் குடுத்தோம். நாங்க வர்ற வரைக்கும் நீங்க கொஞ்சம் பாத்துக்கிட்டீங்கன்னா..."

உள்ளேயிருந்து என் மனைவி, "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதும்பாங்க" என்று பொதுவாக, சுவரைப் பார்த்துச் சொல்கிற தோரணையில் சொன்னாள். அந்தப் பெண் அசரவில்லை. "அது தானா நடந்து வர்ற ஆமைக்கு ஆன்ட்டி. இதை நாங்கதானே தூக்கிட்டு வர்றோம்!" எம்.பி.ஏ. படித்த பெண்.

ஆமையின் பெயர் ராக்கெட். கூடவே ஒரு தாளில் விதிமுறைகள். காலை எட்டரைக்கு ஆறு தீனி உருண்டை. இன்னும் வேண்டும் என்று கழுத்தை நீட்டிப் பார்க்கும், ஏமாறக் கூடாது. வெயில் காட்ட வேண்டும். ஆனால் தொட்டியை வெயிலில் வைக்கக் கூடாது. குழாய்த் தண்ணீரை முதல் நாளே பிடித்து வைத்து மறுநாள் ஊற்ற வேண்டும். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கடைசியில் சிவப்பு மையில்: 'ராக்கெட்டுடன் தினமும் பேசவும்.'

தண்ணீர் மாற்றும் கலையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆமை தின்பதும் கழிப்பதும் ஒரே தண்ணீரில். ஆகவே முதலில் ராக்கெட்டைத் தூக்கி வாளியில் விட வேண்டும். தூக்கும்போது நாலு காலாலும் காற்றில் நீந்தும், நகம் கூர்மை. வாளிக்குள் போனதும் பிளாஸ்டிக்கில் நகத்தால் 'கிர்ர்க் கிர்ர்க்' என்று சுரண்டும். பல்லிடுக்கில் கூசும். தொட்டித் தண்ணீரைக் கவிழ்த்தால் அடியில் கரையாத தீனியும் மற்றதும் சேர்ந்து பச்சைக் குழம்பாக வரும். கண்ணாடியில் படிந்த பாசியைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். இவ்வளவையும் குத்துக்காலிட்டுச் செய்ய வேண்டும். அறுபத்தெட்டு வயது முழங்காலுக்கு உட்கார்வது ஒரு பிரச்சினை. எழுவது இன்னொரு பிரச்சினை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "பெத்த புள்ளைக்கு ஒரு நாள் கால் கழுவி விட்டிருப்பீங்களா?" என்றாள். அப்போது எனக்கு ஆபீஸ் இருந்தது. அந்த வசதி இப்போது இல்லை.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. பள்ளியில் விடுமுறைப் பாடமாகச் செல்லப்பிராணி நாட்குறிப்பு கேட்டிருந்தார்கள். ஆகவே தினமும் ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். பையனின் அம்மா அதைக் கொடைக்கானலில் இருந்தபடியே ஒட்டி, 'இன்று நான் ராக்கெட்டுக்கு உணவளித்தேன்' என்று எழுதிவிடுவாள். முதல் படத்தை அனுப்பியதும் பதில் வந்தது: "சூப்பர் அங்கிள். ஆனா கை தெரியாம எடுங்க. நரைமுடி தெரியுது."

பையன் வீடியோ காலில் வருவான். "தாத்தா, தண்ணி மாத்தினீங்களா? பிரஷ் போட்டுத் தேய்ச்சீங்களா? எங்க, காட்டுங்க." காட்டினேன். "அந்தக் கார்னர்ல இன்னும் பச்சையா இருக்கு பாருங்க." முப்பத்தைந்து வருஷம் அரசு உத்தியோகம் பார்த்தவன் நான். மேலதிகாரி என்றால் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பு வரவில்லை என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன். மேற்பார்வைப் பொறுப்பு முழுசாக வந்துவிட்டது.

புலம்புவதற்காக நான் எழுத உட்காரவில்லை. பிள்ளைகளுக்கு உயிர்களிடத்தில் அன்பையும் பொறுப்பையும் உண்மையிலேயே கற்றுக்கொடுக்க மூன்று நல்ல வழிகள் யோசித்து வைத்திருக்கிறேன். மூன்றும் செலவில்லாதவை. அவற்றைச் சொல்வதற்கு முன் பின்னணியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நடுத்தர வர்க்கத்து வீட்டில் முதலில் வருவது தங்கமீன். அதை வாங்க அப்பா கொளத்தூர் வரை போய் வருவார். தண்ணீர் மாற்றுவது அம்மா. மீன் செத்தால் பிள்ளை பார்ப்பதற்குள் அதே நிறத்தில் இன்னொன்று வாங்கி விடுவதும் அம்மா. அடுத்தது கிளி. பச்சைக்கிளி வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், கடைக்காரர் லவ் பேர்ட்ஸைக் காட்டுவார். கூண்டுக்கு அடியில் விரித்த செய்தித்தாளை மாற்றுவது பாட்டி. தமிழ்ப் பத்திரிகைகள் இன்னும் சில வீடுகளில் நிறுத்தப்படாமல் இருக்க இதுவே காரணம். அடுத்தது முயல். இன்டர்நெட் வயரைக் கடித்து, அப்பாவின் மீட்டிங் பாதியில் அறுந்ததும் அது 'கிராமத்துக்கு அனுப்பப்படும்'. "அங்க தோட்டத்துல ஜாலியா இருக்கு" என்று பிள்ளைக்குச் சொல்வார்கள். கிராமத்தில் முயலை என்ன செய்வார்கள் என்று பிள்ளையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். கடைசியில் நாய். விடியற்காலை ஐந்தரைக்கு நாயோடு நடப்பவர்களைப் பாருங்கள். ஒரு சிறுவனாவது கண்ணில் படுகிறானா? லுங்கியும் கொட்டாவியுமாக அப்பாக்கள். இல்லாவிட்டால், மாதச் சம்பளத்துக்கு வந்து ஒரே கையில் நாலு வீட்டு நாயைப் பிடித்துப் போகும் இளைஞன். கருணை பிள்ளை பெயரில். கழிவு இன்னொருவர் கையில். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற சமாசாரம்தான்.

இதற்குப் பெற்றோரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கோளாறு பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. எங்கள் காலத்தில் வகுப்பில் வாத்தியார் சிபிச் சக்கரவர்த்தியை உருகி உருகி நடத்துவார். அதே நேரத்தில் எங்கள் டிராயர் பைக்குள் தீப்பெட்டியில் பொன்வண்டு கரகரவென்று பிறாண்டிக்கொண்டிருக்கும். நாலு கொடுக்காப்புளி இலை போட்டிருப்போம். முட்டையிடும் என்று நம்பிக்கை. மணி அடித்ததும் ஓணான் அடிக்கப் போவோம். இதில் முரண்பாடு இருப்பதாக வாத்தியாருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. அது ராஜாக்கள் செய்வது. இது பையன்கள் செய்வது.

அந்த ராஜாக்கள்தான் என்ன செய்தார்கள்? ஆமைத் தொட்டியைத் தேய்த்தபடியே நிதானமாக யோசித்துப் பார்த்தேன். பாரியை எடுத்துக்கொள்ளுங்கள். முல்லைக்கொடி பற்றிப் படரக் கொம்பில்லாமல் தவிக்கிறது. தேரை நிறுத்திவிட்டுப் போய்விட்டார். கொடி விலங்கில்லையே என்று கேட்காதீர்கள், பாடத்தில் எல்லாம் ஒரே அத்தியாயம்தான். பாரியின் பறம்புமலை, இன்று நாம் சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை என்று சொல்கிற இடம், உழாமலே விளையும் மூங்கில் நெல்லுக்குப் பேர் போனது. நெல் விளைகிற அளவுக்கு மூங்கில் இருக்கிற மலையில், நாலு கழி வெட்டி ஒரு பந்தல் போட ஆள் இல்லையா? முந்நூறு ஊருக்குத் தலைவர், ஒரு குரல் கொடுத்தால் முந்நூறு பேர் வந்திருப்பார்கள். பந்தல் போட்டால் பாட்டு வராது. அதுதான் விஷயம். சரி, தேரை விட்டாயிற்று. குதிரைகளை யார் அவிழ்த்தது? தேர்ப்பாகன் எத்தனை மைல் நடந்தான்? மறுநாள் அந்தக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றியது யார்? கபிலர் சொல்லவில்லை. கபிலருக்கும் மறுநாள் வேறு பாட்டு இருந்திருக்கும். நான் சொல்கிறேன், அந்தத் தேர்ப்பாகன்தான் குடத்தைத் தூக்கியிருப்பான்.

இதோ ஆமைக்கு வந்துவிடுகிறேன், பேகனை மட்டும் முடித்துவிட்டு. பழநிமலைப் பக்கத்து அரசர். மயில் தோகையை விரித்து நடுங்குகிறது, குளிருகிறது போலும் என்று தம் போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டார். மயில் பிறக்கும்போதே உடம்பெல்லாம் போர்வையோடு பிறந்தது. ஆடுகிற மயில்மேல் கம்பளம் விழுந்தால் அது என்ன பாடு பட்டிருக்கும்! உதறிவிட்டுப் பறந்திருக்கும், போர்வை முள்செடியில் சிக்கியிருக்கும், அதை ஒரு காவலாள் முள் பிடுங்கி, துவைத்து, காயப்போட்டு, அரண்மனையில் சேர்த்திருப்பான். இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். இதே பேகன் தம் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறிடத்தில் இருந்தார். அந்த அம்மாள் வீட்டில் அழுதுகொண்டிருந்தார். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நாலு பெரும்புலவர்கள் முறைவைத்துப் போய், பரிசில் வேண்டாம், வீட்டுக்குப் போங்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது. புறநானூற்றில் வரிசையாக இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். ஆனால் பாடப்புத்தகத்தில் போர்வை மட்டும் இருக்கிறது. மயிலுக்குக் குளிருமா என்று யோசித்தவருக்கு...வேண்டாம், என் மனைவி இதைப் படிப்பாள்.

சிபி? புறாவைக் காப்பாற்றத் தொடைச் சதையை அரிந்து தராசில் வைத்தார், பெரிய காரியம். ஆனால் வந்த புறா அக்னி, பருந்து இந்திரன். இரண்டுக்கும் பசியே இல்லை. தேர்வு நடத்த வந்தவர்கள். நிஜப் பருந்தாக இருந்திருந்தால் மறுநாள் காலை எட்டரைக்கு மறுபடி வந்து கழுத்தை நீட்டியிருக்கும். அப்போது எதை அரிவது? மனுநீதிச் சோழன் கதையோ இன்னும் வில்லங்கம். திருவாரூர் வீதியில் கன்றின்மேல் ஏறும் அளவுக்கு வேகமாகத் தேரோட்டியது பையன். தேரைக் கொடுத்தது யார்? இன்று பதினெட்டு நிரம்பாத பிள்ளையிடம் வண்டிச் சாவியைக் கொடுத்தால், 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அந்தக் கணக்கில் பார்த்தால் தேர்ச்சக்கரத்துக்குக் கீழே படுத்திருக்க வேண்டியவர் அப்பா. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. பசுவுக்கு அதற்கப்புறம் யார் புல் போட்டார்கள் என்று கேட்கிறவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

பாரதியார் குருவிகளுக்கு அரிசியை அள்ளி இறைத்த கதை எல்லோருக்கும் தெரியும். அது செல்லம்மா அன்றைக்குச் சமைக்க வைத்திருந்த அரிசி. குருவிகள் சந்தோஷமாகப் போயின, கவிஞரும் சந்தோஷப்பட்டார். ராத்திரி உலையில் என்ன போடுவது என்பது செல்லம்மாவின் பொறுப்பு.

நம் கதைகளெல்லாம் இப்படித்தான். கொடுக்கிற நாள் ஒன்று. அன்றைக்குக் கூட்டம் உண்டு, புலவர் உண்டு, இப்போது செல்போனும் உண்டு. மறுநாளிலிருந்து வாளியைத் தூக்குகிற ஆளைப் பற்றி ஒரு வரி கிடையாது. எனக்குத் தெரிந்து இதில் தப்பிய ஒரே இடம் வடலூர். 1867-இல் வள்ளலார் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அதாவது, இத்தனை காலமும் ஒவ்வொரு நாளும் விடியலில் யாரோ ஒருவர் எழுந்து சாம்பலை அள்ளிவிட்டு விறகு வைத்திருக்கிறார். அவர்களில் ஒருவருக்கும் யாரும் லேமினேஷன் செய்து கொடுத்திருக்க மாட்டார்கள்.

எங்கே விட்டேன்? மூன்று வழிகள். வருகிறேன்.

ராக்கெட்டைப் பற்றிப் பொழுது போகாமல் படித்ததில் சில விவரங்கள் கிடைத்தன. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கிற இந்த வகைக்குச் செங்காது ஆமை என்று பெயர். பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். கடையில் ஐம்பது காசு அகலத்தில் பச்சைப்பசேல் என்று இருக்கும்; இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அளவுக்கு வளரும். குழந்தைகள் இந்தக் குட்டி ஆமைகளைத் தொட்டு, முத்தம் கொடுத்து, சால்மோனெல்லா கிருமியால் படுத்துக்கொண்டார்கள் என்பதால், ஓடு நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமையை வளர்க்க விற்கக் கூடாது என்று அமெரிக்கா 1975-இலேயே தடை போட்டது. ஏற்றுமதிக்கு மட்டும் விலக்கு. அவர்கள் பிள்ளைக்கு ஆகாதது நம் பிள்ளைக்குப் பொறுப்பு கற்றுக்கொடுக்குமாம். நான் சோப்புப் போட்டுக் கை கழுவுகிற வேகத்தைப் பார்த்து மனைவி பயந்தே போனாள்.

வளர்ந்து அலுத்துப்போனதும் என்ன செய்வார்கள்? பையனின் அப்பாவே ஒரு நாள் போனில் சொன்னார்: "ரொம்பப் பெரிசாயிட்டா கோயில் குளத்துல விட்டுடலாம் சார். புண்ணியம்." புண்ணியமாவது! இது விட்ட இடத்தில் அங்கேயே இருக்கிற ஆமைகளின் தீனியையும் வெயில் காயும் கல்லையும் பிடுங்கிக்கொள்கிற ரகம். உலகத்தில் மோசமான நூறு அந்நிய ஊடுருவிகளின் பட்டியலில் இதன் பெயர் இருக்கிறது. 2018-இல் திருச்சூரில் ஒரு கால்வாயில் ஒன்று அகப்பட்டதும், பீச்சியில் இருக்கும் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் பதறிப்போய், தண்ணீரில் விடாதீர்கள், எங்களிடம் கொண்டுவந்து கொடுங்கள் என்று மக்களைக் கேட்க ஆரம்பித்தது. இதையெல்லாம் விளக்கினேன். "ஓ, இன்ட்ரஸ்டிங் சார்" என்றார். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நன்றாகக் கவனித்தால் செங்காது ஆமை முப்பது வருஷம், அதற்கு மேலும் இருக்கும். பையனுக்கு வயது எட்டு. கல்லூரிக்குப் போவான், அமெரிக்கா போவான், அங்கே ஆமையை அதன் பிறந்த ஊரிலேயே ஒழுங்காகப் பார்ப்பான். அவன் பெற்றோர் வாடகை வீட்டுக்காரர்கள், எப்போது வேண்டுமானாலும் காலி செய்வார்கள். ஓடிப்போக முடியாத ஆள் நான்தான். நன்றாகக் கவனித்தால்தான் முப்பது வருஷம். நான் நன்றாகக் கவனிக்கிறேன். அங்கேதான் சிக்கல்.

உயிர்களிடம் கருணை காட்டுவது நம் அரசியல் சட்டத்திலேயே குடிமகனின் அடிப்படைக் கடமை, 1976-இல் சேர்த்தார்கள். எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் ஆமைக்கும் முயலுக்கும் இதயம் போடுகிறவர்கள்தான். அதே குழுவில்தான், வாசல் காவலாளி தெருநாய்களுக்கு ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் தண்ணீர் வைக்கிறார் என்று புகார் வந்தது. பயம் நியாயமானது, ரேபீஸ் விளையாட்டுக் காரியமில்லை. ஆனால் 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி, பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் மாடிப்படிக்கும் தள்ளி ஓரிடம் பார்த்து, அந்த நாய்களுக்குச் சோறு போட ஏற்பாடு செய்ய வேண்டியது குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு. சங்கக் கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னேன். செயலாளர் என்னை மேலும் கீழும் பார்த்து, "சார், நீங்க யார் பக்கம்?" என்றார். டப்பாவை எடுத்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கினால் ஜீவகாருண்யம். தானாக வந்தால் நியூசன்ஸ். காவலாளியோ இப்போது தன் டிபன் பாக்ஸ் மூடியில் தண்ணீர் வைக்கிறார். சாப்பாட்டு நேரத்துக்கு முன் எடுத்துக் கழுவியும் விடுகிறார். அவருக்கும் ஒரு பிள்ளை உண்டு. எந்தப் பள்ளியிலும் அந்தப் பிள்ளையை நாட்குறிப்பு எழுதச் சொல்லவில்லை.

நேற்று ராத்திரி எட்டு மணிக்குப் பையனின் அம்மா போன் செய்தாள். குரலில் குதூகலம். "அங்கிள், இவனுக்கு இப்ப நல்லாவே பொறுப்பு வந்துடுச்சு. மிஸ்ஸே சொல்றாங்க. அதனால அடுத்த லெவலுக்குப் போகலாம்னு இருக்கோம். லாப்ரடார் குட்டி ஒண்ணு சொல்லி வெச்சாச்சு."

லாப்ரடார் எவ்வளவு பெரிதாக வளரும், ஒரு நாளைக்கு எத்தனை தடவை வெளியே கூட்டிப் போக வேண்டும், முடி எவ்வளவு உதிரும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியில் என்னை நிறுத்தி, "பாத்தீங்களா, உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு!" என்று சந்தோஷப்பட்டாள். அப்புறம் பேச்சோடு பேச்சாக, டிசம்பர் லீவுக்குச் சிங்கப்பூர் டிக்கெட் போட்டிருக்கிறார்களாம், பத்து நாள்தானாம், அங்கிள் ஊரில்தானே இருப்பீர்கள் என்று கேட்டாள்.

எழுத்துமூலமாகவே தெரிவித்துவிடுகிறேன். டிசம்பரில் நான் ஊரில் இல்லை. இருந்தாலும் இல்லை.